சுந்தரம் மாமாவின் வலது கால்

1927 மார்ச் 24, வியாழன்

வெயில். குழாயில் காலையெல்லாம் தண்ணீர் இல்லை, வந்தபோது வெந்நீர். பள்ளிக்கூடம் மூடியாயிற்று, பர்மியர்களின் தண்ணீர்ப் பண்டிகை முடிந்துதான் திறப்பார்கள். டீச்சரம்மா நாற்காலியில் நான் தடவிவிட்டு வந்த கோந்து காய்வதற்கு அதுவரை அவகாசம்.

தின்கன்ஜூனிலிருந்து மாட்டுவண்டியில் கியர் பெட்டி வந்தது. எங்கேயோ மோதிச் செத்த பெரிய லாரியின் வயிற்றில் இருந்தது. இரண்டு வருஷமாக ஒரு கத்தரித் தோட்டத்தில் கிடந்ததாம். கோ தேய்ன் மேல்மூடி போன ஓட்டைக்குள் கையை விட்டார். உள்ளே பல்சக்கரங்கள், வைக்கோல், மூன்று கோழி முட்டை. அம்மா முட்டைகளை மட்டும் வாங்கிக்கொண்டாள்.

"இந்தச் சாமான்ல இதுதான் உருப்படி."

பின்னால் படிக்கும்போது எனக்கே மறந்திருக்கும். ஆகவே பட்டியல்:

கும்பகர்ணன்: எங்கள் லாரி. எழுப்ப அரை மணி. எழுந்தால் ஊருக்கே தெரியும்.
சு.மா.: சுந்தரம் மாமா, அம்மாவின் தம்பி. எட்டு வருஷமாகக் கும்பகர்ணனை ஓட்டுபவர். முழுப் பெயர் எழுத மை போதாது.
கோ தேய்ன்: மூட்டை ஏற்ற வந்து, எங்களிடம் தமிழும் அம்மாவிடம் ரசமும் பழகியவர். முன்பு மர மில்லில் லாரி ஓட்டியவர்.
ஊ பா: அரிசி மில் முதலாளி. தங்கப்பல் இருப்பதாகக் கேள்வி. சிரிக்காததால் ஊர்ஜிதமாகவில்லை.

கும்பகர்ணனுக்குக் கையால் மாற்றும் கியர் கிடையாது. காலடியில் மூன்று மிதி. இடது மிதியை அழுத்திப் பிடித்தால் மெதுவாகப் போகும், முழுக்க விட்டால் வேகமாகப் போகும். நடு மிதி பின்னால் போக. வலது மிதி பிரேக். எஞ்சினை உறும வைக்க ஸ்டீயரிங்குக்கு அடியில் விரலால் தள்ளும் ஒரு சின்னக் கைப்பிடி. (எனக்கு இந்த வீட்டில் ஒரே மிதி. அம்மாவுடையது.)

ரயில் பாலம் ஏறும்போது அடியிலிருந்து உச்சிவரை இடது மிதியை அழுத்தியே இருக்க வேண்டும். எட்டு வருஷம் அழுத்தியதில் சு.மா.வின் இடது கெண்டைக்கால் வலதைவிடப் பருமன். தூங்கும்போது நூல் வைத்து அளந்திருக்கிறேன். ஒரு விரல் வித்தியாசம்.

போன மாதம் பாரத்தோடு பாலம் ஏறிய கும்பகர்ணன் பாதியில் மூச்சு வாங்கி, பின்னாலேயே சறுக்கிக்கொண்டு இறங்கிவிட்டான். பின்னால் வந்த மோட்டாரில் ஊ பா. அவர் கெடு வைத்திருக்கிறார்: பண்டிகைக்கு முன், ஏப்ரல் 9 அன்று, பன்னிரண்டு மூட்டையோடு சறுக்காமல் பாலம் ஏற வேண்டும். ஏறினால் மில் பாரம் எங்களுக்கு. இல்லையென்றால் வேறு யார் லாரிக்காவது.

அப்பா சொன்னது: "வண்டிக்கு வயித்த மாத்தறோம் மாப்ளே. உன் காலும் மாறணும். ஒம்பதாந் தேதிக்குள்ள பழகலைன்னா கோ தேய்ன் ஓட்டட்டும். நீ மூட்டை ஏத்துறதப் பாரு."

"காலு என்ன அத்தான் காலு, சொன்னாக் கேக்குது" என்றார் சு.மா.

மார்ச் 26, சனி

வெயில், நேற்றுப்போல. காக்கை கூடப் பேசவில்லை.

கும்பகர்ணனின் பழைய குடல் வெளியே. முற்றம் பூராவும் எண்ணெய். சு.மா. அந்த மூன்று மிதிகளையும் மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்து, சாக்கில் சுற்றி, தன் டிரங்குப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார்.

சிக்கல்: எஞ்சின் முகத்தில் உள்ள ஓட்டைகளுக்கும் கியர் பெட்டி முகத்தில் உள்ள ஓட்டைகளுக்கும் பேச்சு வார்த்தை இல்லை. நடுவில் ஒரு இரும்புத் தட்டு வேண்டும், இரண்டு பக்கத்து ஓட்டைகளோடும். இன்சீனில் துரைராசு என்று ஒருவர் சொந்தமாகக் கடைசல் பட்டறை வைத்திருக்கிறார். அவருக்கு அளவு அனுப்ப வேண்டும்.

அளவு எடுத்தது நான். ஜவுளிக்கடை அட்டையை எஞ்சின் முகத்தில் வைத்து, ஓரமெல்லாம் சின்னச் சுத்தியலால் தட்டினால் விளிம்பும் ஓட்டையும் அட்டையில் பதிந்துவிடும். பிறகு பெட்டியின் ஓட்டைகள். அழகாக வந்தது. கோ தேய்ன்கூட "மா வள்ளி கை நல்ல கை" என்றார். (வள்ளி நான். மா என்பது பெண்களுக்குப் பர்மிய மரியாதை.)

அட்டை முக்கால் நிலா மாதிரி இருந்தது. காது இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு ஓட்டை. சும்மா விட மனம் வருமா? பின்பக்கத்தில் சு.மா. முகத்தை வரைந்தேன். மீசைக்கு மட்டும் எஞ்சின் எண்ணெய். அப்பா கவனிக்காமல் சுருட்டி எடுத்துக்கொண்டு இன்சீன் ரயிலுக்குப் போய்விட்டார்.

மார்ச் 30, புதன்

புழுக்கம். அம்மா ஊறுகாய்க்கு மாங்காய் நறுக்கினாள். நான் உப்புக்குப் பதில் சர்க்கரை டப்பாவை நீட்டினேன். மாட்டிக்கொண்டேன். அம்மா இன்று விழிப்பாக இருக்கிறாள்.

தட்டு வந்தது. கனமான தட்டு, பளபள. பொருந்தவில்லை. இப்படிப் பிடித்தால் மூன்று ஓட்டை சேர்கிறது, மூன்று சேரவில்லை. திருப்பிப் போட்டால் எல்லா ஓட்டையும் சேர்கிறது. ஆனால் கியர் பெட்டி உட்காருவதற்கு ஒரு பக்கத்தில் கடைந்த வளைய மேடு இப்போது எஞ்சின் பக்கம் நிற்கிறது. தட்டே கண்ணாடியில் பார்த்த தட்டு.

அப்பா திரும்பவும் இன்சீன் போய் மாலையில் வந்தார். அட்டையைத் தரையில் போட்டார்.

"படம் போட்டிருந்த பக்கந்தான் மேல்பக்கம்னு நெனச்சாராம் துரைராசு. வேற எந்த மடையன் அடிப்பக்கத்துல படம் போடுவான்னு என்னையே கேக்குறாரு. புதுத் தட்டு சனிக்கிழமைதான். யாரு வரஞ்சது இது?"

நான் வாயைத் திறப்பதற்குள் சு.மா.: "நாந்தான் அத்தான். சும்மா உக்காந்திருந்தப்ப."

"உம் மூஞ்சிய நீயே வரஞ்சியா?"

"கண்ணாடி இல்ல, அதான்."

கோ தேய்ன் சிரிப்பை அடக்கப் புறமுதுகு காட்டி நின்றார். அப்பா என்னைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார், கை கழுவப் போனார்.

நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். இன்று தட்டு பொருந்தியிருந்தால் சு.மா.வின் காலுக்குப் பழக எட்டு நாள் இருந்திருக்கும். இனி ஐந்து. மூன்று நாளை நான் தின்றுவிட்டேன், மீசையோடு.

ராத்திரிச் சோற்றில் மாங்காய். சாப்பிடவில்லை.

ஏப்ரல் 3, ஞாயிறு

மேகம் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனது.

புதுத் தட்டு கையுறை மாதிரி உட்கார்ந்தது. பின்சக்கரத்துக்குப் போகும் தண்டைக் கோ தேய்ன் அறுத்துச் சுருக்கி வைத்திருந்தார். தரைப் பலகையில் ஓட்டை போட்டு அதன் வழியே கியர் கம்பு. மத்தியானம் மூன்று மணிக்குக் கும்பகர்ணன் எழுந்தான். குரல்கூட மாறியிருக்கிறது, மகரக்கட்டு உடைந்த பையன் மாதிரி.

புது மிதிகள், இடமிருந்து: கிளட்ச், பிரேக், பெட்ரோல்.

அதாவது சு.மா.வுக்கு எட்டு வருஷமாக எது பிரேக்கோ அங்கே இப்போது பெட்ரோல்.

"தெரியும் தெரியும்" என்று ஏறினார். முதல் கியர் போட்டார். அருமையாக நகர்ந்தது. அம்மாவின் கொடிக்கயிறு பக்கம் வந்ததும் அப்பா "போதும், நிறுத்து" என்றார். சு.மா.வின் வலது கால் இறங்கியது. கும்பகர்ணன் பாய்ந்தான். கொடி, இரண்டு சேலை, அப்பாவின் வேட்டி, முருங்கை மரத்தின் பாதி.

எஞ்சின் தானே அணைந்தது. அம்மாவின் பச்சைச் சேலை முன்விளக்கில் முக்காடு போட்டிருந்தது.

"ஏண்டா தம்பி, வண்டிக்குக் கல்யாணமா?" என்றாள் அம்மா. சேலையைச் சுருட்டிக்கொண்டு போனாள். அவள் கோபித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஏப்ரல் 4, திங்கள்

சு.மா. மரப்படியில் உட்கார்ந்து, தட்டை மடியில் வைத்துச் சாப்பிடுகிறார். காலடியில் மூன்று செங்கல். கிளட்ச், பிரேக், பெட்ரோல். மோர் ஊற்றும்போது இரண்டாம் கியர். மூன்றாவது செங்கல்லுக்குப் பக்கத்தில் தண்ணீர்ச் சொம்பு.

சாதாரணமாகக் கேட்டால் தப்பே வருவதில்லை. "மாமா, பிரேக் எது?" நடுச் செங்கல். "பெட்ரோல்?" வலது. ஒப்பிக்கிறார்.

அப்பளத்தைக் கடிக்கும் நேரம் பார்த்து, பின்னாலிருந்து "மாடு!" என்று கத்தினேன்.

வலது கால் போன வேகத்தில் சொம்பு முருங்கை மரம்வரை உருண்டது.

நாள் பூராவும் இதே வேலை. முகம் மழிக்கும்போது: "நிறுத்து!" வெற்றிலை போடும்போது: "குழந்தை!" பத்து தடவை. கரிக்கட்டியால் சுவரில் குறித்தேன். வலது ஒன்பது. நடு ஒன்று, அதுவும் கத்தப் போகிறேன் என்று அவர் பார்த்துவிட்டதால்.

விளையாட்டாகத்தான் ஆரம்பித்தேன். சுவரைப் பார்த்தபோது சிரிப்பு வரவில்லை. யோசித்தால் கால் புதுசு. திடுக்கிட்டால் கால் பழசு. ரோட்டில் யாரும் சொல்லிவிட்டுக் குறுக்கே வருவதில்லை.

அழித்துவிட்டேன்.

ஏப்ரல் 6, புதன்

நான் பார்க்கவில்லை, கோ தேய்ன் சொன்னது. காலையில் அவரும் சு.மா.வும் வெறும் வண்டியோடு போட்டாதாங் படித்துறை வரை பழகப் போனார்கள். போகும்போது ஒரு குறையும் இல்லை. திரும்பும்போது மூட்டை அடுக்கும் கிட்டங்கி மூலையில் ஒரு ரிக்‌ஷா. உள்ளே ஒரு கிளார்க்கு, மடியில் பலாப்பழம்.

"ஆக்கோ காலு போச்சு. வலது. வண்டி பறக்குது. நான் கைப்பிரேக்கப் புடிச்சு இழுத்தேன், ரெண்டு கையால." (ஆக்கோ என்பது அண்ணா. சு.மா.வை அப்படித்தான் கூப்பிடுவார்.) "ரிக்‌ஷாவுக்கும் நமக்கும் இவ்ளோதான் எடம்."

ஒரு சாண் காட்டினார். பிறகு யோசித்து அரைச் சாணாகக் குறைத்தார்.

கிளார்க்குக்கு ஒன்றும் இல்லை. ரிக்‌ஷாக்காரருக்கு ஒன்றும் இல்லை. பலாப்பழம் ஆற்றில்.

வீட்டுக்கு ஓட்டி வந்தது கோ தேய்ன். சு.மா. இறங்கி, எஞ்சின் சுற்றும் கைப்பிடியைத் துடைத்து, அவர் கையில் கொடுத்தார். அப்பா வேண்டாம் என்று சொல்வார் என்று நான் பார்த்தேன். அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆளக் கொன்னுருப்பேன் அத்தான்."

"ம்."

மாலையில் சு.மா. மில்லுக்கு மூட்டை ஏற்றப் போனார். முதுகில் போட்டுக்கொள்ளும் சாக்கு அவருக்குச் சரியாக மடிக்கத் தெரியவில்லை. செங்கல் மூன்றையும் அம்மா எடுத்து அடுப்படியில் வைத்துவிட்டாள்.

ஏப்ரல் 7, வியாழன்

வெயில். எழுத ஒன்றும் இல்லை என்று இருந்தேன். இருக்கிறது.

காலையில் கோ தேய்ன் முற்றத்தில் எட்டுப் போட்டுப் பழகினார். நன்றாக ஓட்டுகிறார். அதுதான் எரிச்சல். நல்லவர், அது இன்னும் எரிச்சல். பழிவாங்க ஆள் கிடைக்காவிட்டால் நல்லவர்களைத்தான் பிடிக்க வேண்டியிருக்கிறது.

திட்டம்: எஞ்சினுக்குப் பெட்ரோல் விடும் சின்ன நெம்புகோலில் தூண்டில் நூல் கட்டுவது. நூல் வெளியே தெரியாமல், ஸ்டீயரிங்குக்கு அடியில் வேலையில்லாமல் கிடக்கும் பழைய கைப்பிடியில் ஒரு சுற்று சுற்றி, சீட்டுக்குப் பின்னால் கொண்டுவருவது. நான் சாக்குக்கு அடியில். அவர் பெட்ரோல் மிதியிலிருந்து காலை எடுப்பார், நான் இழுப்பேன். வண்டிக்குப் பேய் பிடித்தது என்று அலறுவார்.

நடந்தது: காலை எடுத்தார். இழுத்தேன். கும்பகர்ணன் உறுமினான். "அமலே!" என்று கத்தினார் (பர்மியில் அம்மாவே). விட்டேன், அடங்கினான். இழுத்தேன், உறுமினான். நான்காவது தடவை எனக்குச் சிரிப்பு வந்து சாக்கு குலுங்கியது.

கோ தேய்ன் எஞ்சினை அணைக்கவில்லை. என்னைத் திட்டவும் இல்லை. நூலை விரலால் தொட்டுக்கொண்டே போய், பழைய கைப்பிடியில் அது சுற்றியிருப்பதைப் பார்த்தார். கைப்பிடியை ஒரு விரலால் தள்ளினார். உறுமியது. விட்டார். அடங்கியது. மறுபடி தள்ளினார். காலடியில் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

பிறகு அப்பாவிடம் போனார். நான் கூடவே போனேன், அடி விழுந்தால் பக்கத்திலேயே வாங்கிக்கொள்ளலாம் என்று.

"மொதலாளி, பெட்ரோல மறுபடியும் கைக்குக் கொண்டுபோயிரலாம். நடுவுல இருக்குற பிரேக்க வலது பக்கம் மாத்திடலாம். ஆக்கோ காலு எங்க போவுதோ அங்க பிரேக்கு நிக்கட்டும்."

"எல்லா வண்டியிலயும் வலதுதானேப்பா பெட்ரோலு?"

"எல்லா வண்டியும் நம்ம வண்டி இல்லியே."

"கிளட்சு?"

"திடுக்குனா அவரு இடது காலும் பாதி எறங்கும். பழைய வண்டியில பாதி எறக்குனா வண்டி போவாது. இதுலயும் போவாது. சரியா இருக்கு."

அப்பா துண்டால் கழுத்தைத் துடைத்தார். "நாளைக்கு அவனுக்குக் காச்சல்னா இத வேற எவன் ஓட்டுவான்?"

"ஒருத்தனும் ஓட்ட மாட்டான்."

"உனக்கு வந்த சீட்ட நீயே வேணாங்கிற."

"நான் ஓட்டுனா ஆக்கோ மூட்டை தூக்கணும். நேத்து நாலு மூட்டைய ஆத்தோரமாப் போட்டாரு. நாலையும் நாந்தான் திருப்பித் தூக்குனேன்."

அப்பா வாசல் பக்கம் திரும்பினார். வாசலில் சு.மா. வந்துகொண்டிருந்தார். முதுகு பூராவும் தவிடு, ஒரு தோள் இறங்கியிருந்தது.

"ஸ்பானர எடு" என்றார் அப்பா.

ஏப்ரல் 8, வெள்ளி

பெட்ரோல் மிதி கழற்றியாயிற்று. பிரேக் கம்பிக்கு நீளமாக ஒரு கை வைத்து வலது மூலைக்கு. பழைய கைப்பிடிக்கு, தூண்டில் நூலுக்குப் பதில் நிஜக் கம்பி. (நூலை எனக்குத் திருப்பித் தரவில்லை.) நடுவில் ஒரு மரக்கட்டை, கால் வைக்க மட்டும், ஒரு வேலையும் செய்யாது. என் வகுப்பிலும் அப்படி ஒருத்தி உண்டு, பெயர் எழுத மாட்டேன்.

கோ தேய்ன் ஓட்டிப் பார்த்தார். மூன்று தடவை அணைந்தது. ஒரு தடவை கிணற்றுச் சுவரில் முத்தம். இறங்கிவிட்டார்.

சு.மா. ஏறினார். ஒரு சுற்று. கியர் கம்புதான் கையில் இன்னும் கரகரக்கிறது, கால் கேட்கிறது. நான் படி, கிணற்றடி, கூரை என்று இடம் மாற்றி மாற்றிக் கத்தினேன். மாடு! போலீஸ்! யானை! அக்கா! கடைசியில் தொண்டை கட்டிவிட்டது.

பத்துக்குப் பத்து. வண்டி பத்து தடவையும் நின்றது.

சுவரில் குறித்தேன். இதை அழிக்கவில்லை.

ஏப்ரல் 9, சனி

பெண்பிள்ளைகள் வரக்கூடாது என்றார் அப்பா. கோயிலுக்குப் போகிறோம் என்றாள் அம்மா. கோயிலுக்குப் போகும் வழியில் ரயில் பாலம் கிடையாது, அப்பாவுக்கும் தெரியும்.

பாலத்து நடைபாதையில் நின்றோம். அம்மா தேங்காய்த் தட்டோடு, நியாயத்துக்கு.

கும்பகர்ணன் வந்தான். பன்னிரண்டு மூட்டை. மேலே அப்பாவும் கோ தேய்னும். முன்னால் சு.மா., பக்கத்தில் வெள்ளைச் சட்டை, பட்டு லோஞ்ஜி (பர்மியக் கைலி), குடையோடு ஊ பா. அடியிலேயே இரண்டாம் கியர். சத்தம் மாறாமல் ஏறியது. பாதி. முக்கால்.

முக்காலில் நாலு பர்மியப் பையன்கள். பண்டிகைக்கு இன்னும் நாலு நாள் இருக்கிறது என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. ஒரு வாளி நிறையத் தண்ணீர், திறந்த பக்கத்தின் வழியாக, நேரே சு.மா. முகத்தில். மிச்சம் ஊ பா மேல்.

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். சத்தியமாக நான் இல்லை. இந்த ஒரு தடவை.

சு.மா.வின் இரண்டு கண்ணும் மூடியிருந்தன. அது இங்கிருந்தே தெரிந்தது. கால் தெரியவில்லை. தெரிந்தது என்னவென்றால், வண்டி நின்றது. ஏற்றத்தில், பன்னிரண்டு மூட்டையோடு, ஆணி அடித்த மாதிரி. ஒரு விரல்கூடப் பின்னால் வரவில்லை. பின்சக்கரத்துக்குக் கட்டை போடக் கோ தேய்ன் குதித்தவர், போடாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

சு.மா. தோளால் முகத்தைத் துடைத்தார். முதல் கியர், கரகர. வலது கால் பிரேக்கிலேயே இருக்க, விரல் எஞ்சினை ஏற்ற, இடது கால் மெல்ல மேலே வர, கும்பகர்ணன் எதுவும் நடக்காத மாதிரி நகர்ந்து உச்சிக்குப் போய் அந்தப் பக்கம் மறைந்தான்.

(கோ தேய்ன் பிறகு சொன்னது: காலில் பெட்ரோல் உள்ள வண்டியில் இப்படிக் கிளம்ப மூன்றாவது கால் வேண்டுமாம்.)

உச்சியைத் தாண்டி அந்தப் பக்கம் ஓடி இறங்கினோம். அடியில் வண்டி நின்றிருந்தது. ஊ பா லோஞ்ஜியைப் பிழிந்துகொண்டிருந்தார். பர்மியில் அப்பாவிடம் சொன்னதை என் தமிழில் எழுதுகிறேன்: "ஏறுற லாரி ஊர்ல நெறைய இருக்கு. நடுவுல நிக்கிற லாரியத்தான் நான் பாத்ததில்ல. இந்த ஆளே ஓட்டணும்."

சிரித்தார். தங்கப்பல் உண்டு. மேல்வரிசை, இடது.

வீட்டுக்கு வந்ததும் அட்டை விஷயத்தை அப்பாவிடம் சொல்லிவிட்டேன். "தெரியும்" என்றார். "மீசை அவனுக்கு அவ்ளோ அடர்த்தி கெடையாது."

ஏப்ரல் 10, ஞாயிறு

வெயில். அம்மா மாங்காய் ஊறுகாயைத் திறந்தாள். உப்பு சரி.

மத்தியானம் பக்கத்து வீட்டு விறகு லாரி உள்ளே வர முடியவில்லை. சந்தில் கும்பகர்ணன் குறுக்கே. விறகு லாரி டிரைவர், "நானே நகத்திக்கறேன்" என்று ஏறினார். அணைந்தது. சுற்றினார். அணைந்தது. மரக்கட்டையை மிதி மிதி என்று மிதித்தார். அப்பா வந்து சொல்லிக் கொடுத்தார், அப்பாவுக்கும் வரவில்லை. கோ தேய்ன் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். நாலு பேர் தள்ளினார்கள். கும்பகர்ணன் கும்பகர்ணன்தான்.

சு.மா. படியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தட்டை வைத்துவிட்டு, வலது கையை மட்டும் கழுவி, வந்தார், ஏறினார், பத்தடி நகர்த்தினார், இறங்கினார், போய் மறுபடி தட்டை மடியில் வைத்துக்கொண்டார். சோறு ஆறியிருக்காது.

நான் பூனை மாதிரி அவருக்குப் பின்னால் போய் மூச்சை இழுத்தேன். கத்துவதற்குள் கவனித்துவிட்டேன். சொம்பு இந்தத் தடவை வலது காலுக்கு எட்டாமல் இடது பக்கம் இருந்தது.